பூர்ணிமா பேர் வெட்டிய பாத்திரங்கள்

ஓடத்துப்பாளையத்தில் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், பால்காரர் மணியடித்துப் போன பிறகும் வெயில் ஓட்டின் மேல் ஏறுவதற்கு முன்பும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், வீட்டுக்கு ஒரு பாத்திரத்தில் பூர்ணிமா என்று பேர் வெட்டியிருந்தது. கௌசல்யா வீட்டில் காப்பி டம்ளரில், மளிகைக்கடைக்காரர் வீட்டில் குழம்பு வைக்கும் குண்டாவில், நூர்ஜகான் வீட்டில் பெருநாளைக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பிரியாணி தேக்சாவில், ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்து வீட்டில் மாமனார் சீராகப் போட்ட வெள்ளித் தட்டில் என்று, பெரிய வீடு சின்ன வீடு பார்க்காமல், சாதி மதம் கேட்காமல், ஒரே அளவு எழுத்தில், கடையில் மெஷின் வைத்து வெட்டினதுபோலப் புள்ளி புள்ளியாக அந்தப் பேர் மின்னியது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் ஒன்றில்கூட இருந்தது. கண்ணாடியில் எப்படிப் பேர் வெட்ட முடியும் என்று யோசிக்க டீக்கடைக்காரருக்குக் காலை வியாபாரத்தில் ஏது பொழுது, கிளாஸைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

யாரும் வாயைப் பிளக்காததற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் பேர் இல்லாத பாத்திரம் என்று ஒன்று கிடையாது. கல்யாணத்துக்கு வந்த குடத்தில் கொடுத்தவர் பேர், காதுகுத்துக்கு வந்த தூக்குப்போசியில் தாய்மாமன் பேர், சொந்தக் காசில் வாங்கினதில் வீட்டுக்காரர் பேர். ஒரு வீட்டு அலமாரியைப் பொறுமையாகப் படித்தால் அந்த வீட்டோடு யார் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள், யார் முறுக்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். முறுக்கிக்கொண்டு போனவர் கொடுத்த பாத்திரத்தில் மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். விசேஷம் முடிந்தால் பாத்திரங்கள் வீடு மாறுவதும், பேரைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதும், சில பேர் பேரைப் பார்க்காதது மாதிரியே இருந்துவிடுவதும் வழக்கம்தான். ஆகவே எல்லா வீட்டிலும் ஒன்றையேதான் நினைத்தார்கள்: ருக்குமணி வீட்டுப் பிள்ளையின் பாத்திரம் மாறி வந்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அப்படியானால் தங்கள் டம்ளர் எங்கே போயிற்று என்று தேட ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படித்தான் அன்றைக்கு ருக்குமணியின் வாசலில் ஊர் வந்து நின்றது.

ருக்குமணி ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். குரலும் பெரிது, பரிமாறுகிற கையும் பெரிது. பூர்ணிமா அவள் பெற்ற பிள்ளை இல்லை. பெற்றவர் யாரென்றே தெரியாமல் இல்லத்தில் வளர்ந்து, பத்து வயதில், ருக்குமணியின் புருஷன் உயிரோடிருந்த காலத்தில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வளர்ப்புக்கென்று கூட்டி வந்த பிள்ளை. தத்து வேறு, வளர்ப்பு வேறு என்று ஊருக்கு விளக்கி விளக்கி ருக்குமணிக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. தத்து என்றால் பிள்ளை உங்களுடையது. வளர்ப்பு என்றால் பிள்ளை அரசாங்கத்துடையது, அதன் சோறும் தூக்கமும் காய்ச்சலும் மட்டும் உங்களுடையது. என்றைக்கு வேண்டுமானாலும் ஒரு ஜீப் வந்து வாசலில் நிற்கலாம். அப்படி நிற்காவிட்டாலும் பதினெட்டு வயது முடிந்தால் ஏற்பாடும் முடிந்தது.

போன வாரம்தான் பூர்ணிமாவுக்குப் பதினெட்டு முடிந்தது.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அனுராதா மேடம் வந்திருந்தாள். நல்ல மனுஷி, கோயமுத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைக்கப் பிள்ளையோடு படியேறி இறங்கினவள், படிப்புச் செலவுக்கும் வழி பண்ணியிருந்தாள். எழுந்து கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹாஸ்டலப் பூட்டிருவாங்க. அப்ப இந்தப் பொண்ணு எந்த வீட்டுக்குப் போவான்னு கேக்கறாங்க. இங்கதான்னு நான் சொல்லிரட்டுங்களா?"

ருக்குமணி உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் தினேஷ் மாசக்கணக்கில் போனில் படுத்திக்கொண்டிருந்தான். மருமகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, வேலையை விட்டுவிட்டு வா, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு நிரந்தரமாக இங்கேயே வந்துவிடு என்று. அவளும் பாதித் தலையை ஆட்டியிருந்தாள். பூட்டின வீட்டுக்குப் பிள்ளை எப்படி லீவுக்கு வரும்?

"யோசிச்சுச் சொல்றனுங் மேடம்" என்றாள். அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பூர்ணிமாவின் கை நிற்கவில்லை. நின்றிருந்தால்கூட ருக்குமணிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாசலுக்குத்தான் இப்போது எதிர்வீட்டுக் கௌசல்யா முதல் ஆளாக டம்ளரோடு வந்தாள்.

"அக்கோவ், உங்க புள்ள டம்ளரு எங்க ஊட்டுல வந்து உக்காந்துக்கிச்சுங்."

"இது எங்க டம்ளரு இல்ல கௌசல்யா."

"பேரு போட்டிருக்குதுல்லங்க்கா!"

"பேரு போட்டிருந்தா..." என்று ஆரம்பித்த ருக்குமணி டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் சம்சாரம் குண்டாவோடு வந்தாள், நூர்ஜகானின் புருஷன் தேக்சாவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார், தலைவர் வீட்டு டிரைவர் வெள்ளித் தட்டைத் துண்டில் சுற்றி, கொடுக்க மனசில்லாமல் கொடுத்துவிட்டுப் போனான். மதியத்துக்குள் வாசலில் பாத்திரக்கடை வைத்ததுபோல ஆகிவிட்டது. பூர்ணிமா ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பேரைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தன ஊட்டுக்கு நான் எப்பங்க அத்தை போனேன்?" என்று ருக்குமணியைக் கேட்டுச் சிரித்தாள். அவள் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. போனாலும் வாசற்படியில் நின்று சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்புகிற பிள்ளை; உட்காரச் சொன்னால் நின்றுகொண்டேயிருக்கிற பிள்ளை.

மறுநாள் காலையில் எல்லா வீட்டிலும் வேறொரு பாத்திரத்தில் அதே பேர் இருந்தது. கௌசல்யா வீட்டில் இட்லிச் சட்டியில், நூர்ஜகான் வீட்டில் பீங்கான் தட்டில், தலைவர் வீட்டில் அவர் தினமும் தண்ணீர் குடிக்கிற சொம்பில். புளி போட்டுத் தேய்த்தார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், கடையில் வாங்கின நீலப் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள்; பாத்திரம்தான் பளபளத்தது. அதற்குப் பிறகுதான் ஊருக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தால் ஆள் வேண்டுமே, பாத்திரக்கடை காசிராஜனைப் பிடித்துக்கொண்டார்கள். சுத்துவட்டாரத்தில் பேர் வெட்டும் மெஷின் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"என்ற மெஷினு ரிப்பேராகி ஈரோட்டுல கெடக்குதுங்" என்றார் காசிராஜன், மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து. "அது கெடக்கட்டும். நல்லாப் பாருங்க, பேருக்கு முன்னால இனிஷியல் இருக்குதுங்களா? இனிஷியல் கேக்காம நான் ஒரு கரண்டியாவது வெட்டியிருக்கறனா, சொல்லுங்க!"

இனிஷியலுக்காகக் கல்யாண அவசரத்தில் நிற்கிறவர்களையும் திருப்பியனுப்பின மனுஷர் அவர். பூர்ணிமாவுக்கோ இனிஷியல் இல்லை. இல்லத்தில் ஏதோ ஒரு எழுத்தைப் போட்டுவைத்திருந்தார்கள், அது யாருடைய எழுத்தென்று தெரியாததால் அவள் அதை எழுதுவதில்லை. காசிராஜன் குற்றமற்றவர் என்று ஊர் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டு, தலைவர் நாச்சிமுத்துவைப் பார்த்தது. நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். படிக்கப் போகிற பிள்ளைக்கு ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று மாரியாத்தாளுக்கு மனசில் ஏதோ இருக்கிறது, ஆகவே முதலில் கொடுத்த பாத்திரங்களெல்லாம் அவளுக்கே சீராக இருக்கட்டும், பேரும் அதோடு நம்மை விட்டுவிடும் என்று அவர் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டதை இன்னொரு தரம் கொடுப்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறதென்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

மறுநாளும் சொம்பில் பேர் அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்த்தது பூர்ணிமாதான், அதுவும் முடிச்சு என்று தெரியாமலே.

"ஹாஸ்டல்ல கட்டிலுக்கடியில ஒரு பொட்டி வெக்கத்தாங்க அத்தை எடம்" என்றாள். "இத்தனையும் வெச்சு நான் என்ன பண்ணட்டும்? திருப்பிக் குடுத்துட்டு வந்தர்றேன்."

திருப்பிக் கொடுக்கிற பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஒரு பிடி அரிசியாவது, ஒரு துண்டு வெல்லமாவது உள்ளே கிடக்க வேண்டும். பூர்ணிமாவிடம் அரிசியும் இல்லை, வெல்லமும் இல்லை. கொல்லையில் முருங்கை மரம் இருந்தது. பாத்திரத்துக்கு ஒரு கைப்பிடி கீரையாக உருவிப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வெறும் கையோடு போயிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பாள். கீரை கொண்டுவந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி அனுப்புவது எந்த வீட்டுக்கும் ஆகாத காரியம்.

"உள்ள வா அம்மிணி, ஒரு இட்லி தின்னுட்டுப் போ" என்றாள் கௌசல்யா. இட்லிச் சட்டியிலேயே பேர் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? பூர்ணிமா உட்கார்ந்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் நாலு வார்த்தை கேட்கத்தானே வேண்டும். அப்படிக் கேட்டதில்தான் கல்லூரி யூனிபாரத்துக்குத் துணி மட்டும் வந்திருக்கிறது, தைக்கவில்லை என்பது வெளியே வந்தது. கௌசல்யாவின் புருஷன் தையல்காரர். எதிர்வீட்டுப் பிள்ளை வெள்ளை யூனிபாரம் போடப்போகிற விஷயம் எதிர்வீட்டுத் தையல்காரருக்கே தெரியாமல் இருந்ததை நினைத்துக்கொண்டே அவர் டேப்பை எடுத்துவர எழுந்தார்.

நூர்ஜகான் வீட்டில் பீங்கான் தட்டு நிறையச் சோறு போட்டார்கள். நூர்ஜகானின் தங்கை சவூதியில் நர்ஸ். அவள் படித்த புத்தகங்கள் பரணில், தேக்சா இருந்த இடத்துக்குப் பின்னாலேயே மூட்டையாக இருந்தன. தேக்சாவைத் திருப்பி ஏற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. தலைவர் வீட்டு மருமகள் பேங்கில் வேலை பார்க்கிறவள், சொம்பில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, உதவித்தொகை வருகிற கணக்கில் என்ன சிக்கல் வரும், வந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, "எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணு, சங்கடப்படாத" என்றாள். டீக்கடைக்காரர் அந்தக் கண்ணாடி கிளாஸில் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, கோயமுத்தூர் பஸ் டிரைவரைக் கூப்பிட்டு, இந்தப் புள்ளைய நல்லாப் பாத்து வெச்சுக்கங்க என்று முகத்தைக் காட்டினார்.

லீவுக்கு எங்கே போவாய் என்று கேட்டது நூர்ஜகான்தான். அதுவரை அந்த ஊரில் ஒருவர் கேட்கவில்லை. பூர்ணிமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியலீங்க்கா" என்றாள். சொல்லிவிட்டுப் பிசைவதை நிறுத்தவும் முடியாமல் வாயில் வைக்கவும் முடியாமல் இருந்தாள். அந்த வார்த்தை அவளுக்கு முன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் தீபாவளிக்கு யார் வீடு, பொங்கலுக்கு யார் வீடு என்று குழாயடியில் சண்டையே வந்துவிட்டது. ரம்ஜானில் மட்டும் யாரும் பங்கு கேட்க முடியாதென்று நூர்ஜகான் நிம்மதியாக இருந்தாள்.

இப்படி ஊர் அந்தப் பேரைத் தனக்குள்ளே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு புதிதாக எந்தப் பாத்திரத்திலும் பேர் வரவில்லை, வந்த பேர் போகவும் இல்லை. பேர் இருந்த தட்டுக்கு வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால், "அத வெய்யி, அது பூர்ணி தட்டு" என்று அதட்டினார்கள். மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், யாருங்க பூர்ணிமா, மூத்த பொண்ணா என்று கேட்க, மளிகைக்கடைக்காரர் சம்சாரம் கூச்சமே இல்லாமல், "ஆமாங், நர்சுக்குப் படிக்கறாங்" என்றாள்.

ருக்குமணிக்குத்தான் தூக்கமில்லை. ஊரில் அந்தப் பேர் இல்லாத வீடில்லை, அவள் வேலை செய்கிற சத்துணவுக் கூடத்துச் சாம்பார் வாளியில்கூட அந்தப் பேர் இருந்தது. அவள் வீட்டில் மட்டும் இல்லை. அலமாரியை ஒழித்துப் பார்த்தாள், பரணை இறக்கிப் பார்த்தாள், ஈயம் போன அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். நாத்தனார் பேர் இருந்தது, செத்துப்போன மாமனார் பேர் இருந்தது. அலமாரியின் கோடியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த சின்ன டம்ளர் ஒன்றில் நித்தின் என்று இருந்தது.

நித்தின், பூர்ணிமாவுக்கு முன்னால் வளர்ப்புக்கு வந்த பையன். வந்த வாரமே ருக்குமணி டம்ளர் வாங்கி, ஆசை ஆசையாகப் பேர் வெட்டிக் கொடுத்தாள், அதில்தான் பால் குடிப்பான். ஆறு மாசத்தில் சித்தப்பா ஒருவர் கிடைத்தார் என்று ஜீப் வந்து கூட்டிப்போயிற்று. பையன் போய்விட்டான், டம்ளரில் பேர் போகவில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் ருக்குமணி சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அடுத்து வந்த பிள்ளைக்கு எதிலும் பேர் வெட்டுவதில்லை என்று அன்றைக்கு வைத்த வைராக்கியம்தான். நாத்தனார் கொடுத்த தட்டில் சோறு போட்டாள், மாமனார் பேர் போட்ட டம்ளரில் காப்பி கொடுத்தாள். ஜீப் வரும் ஜீப் வரும் என்று பயந்தே எட்டு வருஷம் போயிற்று, ஜீப் வரவேயில்லை. அந்தப் பிள்ளை மட்டும் தினமும் அலமாரி துடைக்கும்போது நித்தின் டம்ளரைத் துடைத்துத் திரும்பச் சுவரைப் பார்த்தே வைத்தது.

"என்னங்கத்தை தேடறீங்க?" என்றாள் பூர்ணிமா, அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தவளிடம்.

"ஒண்ணுமில்ல."

"நம்மூட்டுல இருக்காதுங்கத்தை" என்றாள் அவள், எல்லாம் தெரிந்த மாதிரி. "நானே இங்க இருக்கறப்ப பாத்திரத்துல எதுக்குங் பேரு?"

ருக்குமணியைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். அது ருக்குமணிக்கும் தெரிந்தது. தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி திறந்து கிடந்தது. தைத்து இஸ்திரி போட்ட யூனிபாரம், சவூதித் தங்கையின் புத்தகங்கள், அதற்கு மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. ஹாஸ்டலுக்கு அவரவர் பேர் வெட்டிய தட்டு ஒன்று கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் பேர் வெட்டியதையே தூக்கிக் கொடுத்திருப்பார்கள். பூர்ணிமா கேட்கவில்லை. எட்டு வருஷமாகத் தான் சாப்பிட்ட தட்டையே எடுத்து வைத்திருந்தாள். அதன் நடுவில், 'மயிலாத்தாள், அன்பளிப்பு' என்று நாத்தனார் பேர் பெரிதாகச் சிரித்தது.

ருக்குமணி அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் போட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினாள். வழியிலேயே மகனுக்குப் போன் போட்டாள்.

"சாமி, ஊட்டப் பூட்ட முடியாது. பிரசவத்துக்கு வந்து நின்னு பச்ச ஒடம்புக்காரியப் பாத்துக்கறேன், கொறை வெக்க மாட்டேன். ஆனா தீபாவளிக்கு இங்க வந்துருவேன். லீவுக்குப் புள்ள வரும்."

கத்துவான் என்று பார்த்தாள்.

"இங்கயும் குக்கர் மூடியில பேரு இருக்குதும்மா" என்றான் தினேஷ். "போன வாரம் செவ்வாக்கெழமையிலிருந்தே இருக்குது. உங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

காசிராஜன் கடையில் மெஷின் ஈரோட்டிலிருந்து வந்திருந்தது. ருக்குமணி ஒரே மாதிரி இரண்டு தட்டாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன பேருங்க்கா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"பேரு தெரியுமுங். இனிஷியல்?" மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "கோவிச்சுக்காதீங்க, நானு கேக்காம வெட்ட மாட்டேன்."

"ரு."

"ருவா? அப்பன் பேருல்லங் போடோணும்?"

"அப்பன் பேரு தெரியாதுங்" என்றாள் ருக்குமணி. கடைக்கு வெளியேயும் கேட்கிற அந்தப் பெரிய குரல் உடைந்துதான் வந்தது. "அம்மா பேரு தெரியும். ரு போட்டு வெட்டுங்க. ரெண்டுலயும்."

காசிராஜன் முதல் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். மெஷின் கிர்ரென்று ஓடியது; புள்ளி புள்ளியாக எழுத்து எழுந்துவந்தது. ஊர்ப் பாத்திரங்களில் இருந்த எழுத்தைப்போல அவ்வளவு அழகில்லை, இரண்டாவது தட்டில் கொஞ்சம் கோணலாகவே விழுந்தது.

சனிக்கிழமை காலையில் நேரான தட்டு பெட்டிக்குள் போயிற்று. கோணல் தட்டில் இட்லி வைத்துப் பூர்ணிமாவுக்கு முன்னால் நகர்த்தினாள் ருக்குமணி. பூர்ணிமா ஒரு வாய் பிட்டாள். சட்னிக்கு அடியில் ஏதோ தெரிய, இட்லியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு விரலால் சட்னியை வழித்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். திரும்ப முதல் எழுத்துக்கு வந்தாள்.

"இந்த ரு ஆருங்கத்தை?" என்றாள். தெரியாமல் கேட்கவில்லை. ஒரு தரம் காதால் கேட்க வேண்டும் அவளுக்கு.

"உன்ற அம்மா" என்றாள் ருக்குமணி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு. "சாப்புடு. பஸ் வந்துரும்."

பூர்ணிமா அழுதுகொண்டே நாலு இட்லியும் சாப்பிட்டாள், இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பஸ் நிறுத்தத்தில் பாதி ஊர் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பெட்டியைத் தானே ஏற்றினார்.

வீடு திரும்பின ருக்குமணி அனுராதா மேடத்துக்குப் போன் போட்டு, "இங்கதான்னு சொல்லிருங் மேடம்" என்றாள். பிறகு கோணல் தட்டைக் கழுவித் துடைத்து, அலமாரியில் பேர் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினாள். சுவரைப் பார்த்துக் கிடந்த சின்ன டம்ளரையும் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தாள். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. இருந்தாலும் தூசி படிந்திருக்குமென்று சொல்லிக்கொண்டு சாயங்காலம் இன்னொரு தரம் தட்டை எடுத்துத் துடைத்தாள்.